பெட்டிக்குள் 27 மணி நேரம்!

பார்சல் பெட்டியில் துணிமணி வரும். பாத்திரம் வரும். புத்தகம் வரும். ஒரு தடவை, ஓர் ஆள் வந்தார்! அடிமை விலங்கை உடைக்க, தன்னையே பார்சல் கட்டி அனுப்பிக்கொண்ட "பெட்டி" பிரவுனின் கதை இது.

1849-ம் ஆண்டு மார்ச் மாதம் 24-ந் தேதி. சனிக்கிழமை காலை.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரம். அங்கே ஓர் அலுவலகத்தின் வாசலில் சாமான் வண்டி ஒன்று வந்து நின்றது. வண்டியில் ஒரு மரப்பெட்டி இருந்தது. நாலு பக்கமும் ஆணி அடித்து, மேலே பட்டைகள் போட்டு இறுக்கிய பெட்டி.

பெட்டியை உள்ளே தூக்கி வைத்தார்கள். வண்டிக்காரர் போய்விட்டார். உடனே அலுவலகக் கதவு தாழிடப்பட்டது.

உள்ளே நாலு பேர் இருந்தார்கள். நாலு பேர் முகத்திலும் கலக்கம். பெட்டிக்குள் இருப்பது உயிரோடு இருக்கிறதா, பிணமாகிவிட்டதா என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஆம்! அந்தப் பெட்டிக்குள் இருந்தது ஒரு மனிதர். அவர் பெயர் ஹென்றி பிரவுன்.

உதிரும் இலைகள்

ஹென்றி பிரவுன் 1815-ம் ஆண்டு வாக்கில் பிறந்தவர். ஊர், வர்ஜீனியா மாநிலத்தில் லூயிசா என்ற வட்டாரம். தாய் அடிமை. ஆகவே பிள்ளையும் அடிமை. அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டம் அது. அடிமைப் பெண் பெற்ற குழந்தை, தாயின் எஜமானுக்குச் சொந்தம். கன்றுக்குட்டி மாட்டுக்காரனுக்குச் சொந்தம் என்பது போல!

அப்போது அமெரிக்காவில் எத்தனை அடிமைகள் இருந்தார்கள் தெரியுமா? 1850-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி 32 லட்சம் பேர்.

சிறுவன் ஹென்றியின் தாய், அவனை மடியில் உட்கார வைத்துக்கொள்வாள். காற்றில் உதிரும் இலைகளைக் காட்டுவாள். மரத்தை விட்டு இலை பிரிவது போல, அடிமையின் பிள்ளைகளும் ஒருநாள் பெற்றோரை விட்டுப் பிரிக்கப்படுவார்கள் என்று சொல்லி வைப்பாள்.

அந்த நாள் 1830-ம் ஆண்டில் வந்தது. கிழ எஜமான் இறந்தார். நிலம், வீடு, மாடு, அடிமை எல்லாம் அவருடைய பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்கப்பட்டன. ஹென்றி ஒரு பிள்ளையின் பங்குக்குப் போனான். உடன்பிறந்தவர்கள் வேறு பங்குகளுக்குப் போனார்கள். இலைகள் உதிர்ந்துவிட்டன.

அப்போது ஹென்றிக்கு வயது 15.

புகையிலைத் தொழிற்சாலை

புதிய எஜமான் ஹென்றியை ரிச்மண்ட் நகருக்கு அனுப்பினார். அது வர்ஜீனியாவின் தலைநகரம். அங்கே அவருக்குப் புகையிலைத் தொழிற்சாலை இருந்தது. சுமார் 150 பேர் வேலை செய்தார்கள். அவர்களில் 120 பேர் அடிமைகள்.

கோடைக் காலத்தில் தினம் 14 மணி நேரம் வேலை. குளிர் காலத்தில் 16 மணி நேரம். தலைக்கு மேலே கங்காணி சவுக்கோடு நிற்பான்.

ஹென்றி உழைப்பாளி. சாந்த குணம். யாரோடும் சண்டைக்குப் போகமாட்டார். நல்ல குரல் உண்டு. கறுப்பு மக்களின் தேவாலயத்தில் பாடகர் குழுவில் சேர்ந்து பாடினார்.

குறிப்பிட்ட அளவுக்கு மேல் வேலை செய்தால், கையில் கொஞ்சம் காசு கிடைக்கும். அதை அவர் சேர்த்து வைத்தார்.

சட்டம் ஏற்காத தாலி

1836-ம் ஆண்டு வாக்கில் நான்சி என்ற பெண்ணை ஹென்றி விரும்பினார். நான்சியும் அடிமை. ஆனால் வேறு ஓர் எஜமானின் அடிமை. இரண்டு எஜமான்களிடமும் அனுமதி வாங்கித் திருமணம் நடந்தது.

நம் ஊரில் தாலி கட்டினால், அந்த உறவை ஊர் மதிக்கும், சட்டமும் மதிக்கும். அடிமையின் திருமணத்தை அமெரிக்கச் சட்டம் மதிக்கவில்லை. எஜமான் நினைத்தால் மனைவியை ஓர் ஊருக்கும், கணவனை ஓர் ஊருக்கும் விற்கலாம்.

நான்சி கை மாறிக் கை மாறி விற்கப்பட்டாள். கடைசியில் அவளை வாங்கிய ஆள் ஒரு தந்திரம் செய்தான். நான்சியின் விலை 650 டாலர். அதில் 50 டாலரை ஹென்றியே போடவேண்டும் என்றான். தன் மனைவியை இன்னொருவன் வாங்குவதற்குக் கணவன் பணம் கொடுத்தார்! கொடுக்காவிட்டால் அவள் தூர தேசத்துக்குப் போய்விடுவாள் என்ற பயம்.

அதோடு நிற்கவில்லை. நான்சி தன் வீட்டில் இருந்து குழந்தைகளைக் கவனித்துக்கொள்வதற்காக, அவளுடைய எஜமானுக்கு ஹென்றி வருஷந்தோறும் 50 டாலர் கட்டினார். வீட்டு வாடகையும் அவர்தான் கொடுத்தார்.

மூன்று குழந்தைகள் பிறந்தார்கள். நாலாவது குழந்தை வயிற்றில் இருந்தது. சிறிய வீடு, ஆனாலும் சொந்தக் குடும்பம். அடிமை வாழ்விலும் அது ஒரு சுகம்.

நாலு மைல் நடை

1848-ம் ஆண்டு, ஆகஸ்டு மாதம். ஒருநாள் காலை ஹென்றி வழக்கம் போல வேலைக்குப் போனார்.

வேலை நேரத்தில் செய்தி வந்தது. மனைவியையும் குழந்தைகளையும் பிடித்துக்கொண்டு போய்ச் சிறையில் அடைத்துவிட்டார்கள்! அவர்களை விற்றாகிவிட்டது! வாங்கியவர் வட கரோலினாவைச் சேர்ந்த ஒரு பாதிரியார்.

ஹென்றி தன் எஜமானிடம் ஓடினார். என் குடும்பத்தை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார். திரும்பத் திரும்பப் போய்க் கெஞ்சினார். எஜமான் மனம் இரங்கவில்லை. வேறு பெண் கிடைப்பாள், கட்டிக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுநாள் ஹென்றி தெரு ஓரத்தில் நின்றார். விற்கப்பட்ட அடிமைகள் கூட்டமாக நடத்திச் செல்லப்பட்டார்கள். சுமார் 350 பேர். கழுத்தில் கயிறு, கையில் சங்கிலி. முன்னால் குழந்தைகளை ஏற்றிய வண்டி.

அந்த வண்டியில் இருந்து ஒரு குழந்தை அப்பா என்று கூப்பிட்டது. ஹென்றியின் மூத்த குழந்தை!

பின்னால் நான்சி வந்தாள். ஹென்றி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படியே கூடவே நடந்தார். நாலு மைல் தூரம் நடந்தார். இருவருக்கும் பேச்சு வரவில்லை.

பிறகு கையை விடவேண்டியதாயிற்று. அவர்கள் போய்விட்டார்கள்.

இனி ரிச்மண்டில் தனக்கு என்ன இருக்கிறது? இழப்பதற்கு உயிர் ஒன்றுதான் மிச்சம். ஹென்றி துணிந்துவிட்டார்.

தோன்றியது யோசனை

தப்பி ஓடுவது எளிதல்ல. சாலையில் காவல் உண்டு. ரெயிலில் ஏறினால் அனுமதிச் சீட்டு கேட்பார்கள். காட்டுக்குள் ஓடினால் மோப்ப நாய்களை விடுவார்கள்.

ஹென்றிக்கு இரண்டு நண்பர்கள் இருந்தார்கள். இருவர் பெயரும் ஸ்மித்! உறவினர்கள் அல்ல.

ஒருவர் ஜேம்ஸ் ஸ்மித். கறுப்பர், ஆனால் அடிமை அல்ல. பாடகர் குழுவில் ஹென்றியோடு பாடியவர். மற்றவர் சாமுவேல் ஸ்மித். வெள்ளைக்காரர். செருப்புக் கடை வைத்திருந்தார்.

ஒருநாள் ஹென்றி கடவுளை வேண்டிக்கொண்டிருந்தபோது, திடீரென்று ஒரு யோசனை தோன்றியது. ஒரு பெட்டிக்குள் புகுந்துகொண்டால் என்ன? அடிமை முறை இல்லாத மாநிலத்துக்குச் சாமானாகப் போய்விட்டால் என்ன?

மனிதனாகப் போனால் தடுப்பார்கள். சாமானாகப் போனால் யார் தடுக்கப் போகிறார்கள்? சட்டம் அவரைச் சாமான் என்றுதான் சொன்னது. அந்தச் சட்டத்தை வைத்தே சட்டத்தை ஏமாற்றத் துணிந்தார்.

கையில் 166 டாலர் சேமிப்பு இருந்தது. அதில் 86 டாலரைச் சாமுவேல் ஸ்மித்திடம் கொடுத்தார். ஏற்பாடுகள் தொடங்கின.

தபால் இல்லை, கம்பெனி உண்டு

இந்தக் காலத்தில் பார்சல் என்றால் தபால் நிலையத்துக்குப் போகிறோம். அன்றைய அமெரிக்காவில் அது முடியாது. அந்த நாட்டுத் தபால் இலாகா பெரிய பார்சல்களை ஏற்கத் தொடங்கியது 1913-ம் ஆண்டில்தான்.

ஆகவே, பெட்டிகளைக் கொண்டு சேர்ப்பதற்குத் தனியார் கம்பெனிகள் தோன்றின. அவற்றில் பெயர் பெற்றது ஆடம்ஸ் எக்ஸ்பிரஸ் கம்பெனி. 1840-ம் ஆண்டில் ஆல்வின் ஆடம்ஸ் என்பவர் தொடங்கியது. சாமான் விரைவாகப் போகும். வழியில் யாரும் பிரித்துப் பார்க்கமாட்டார்கள். இந்த இரண்டும்தான் அந்தக் கம்பெனியின் மூலதனம். ஹென்றிக்கு வேண்டியதும் இந்த இரண்டும்தான்.

அனுப்பினால் மட்டும் போதுமா? அங்கே வாங்கிக்கொள்ள ஆள் வேண்டாமா?

சாமுவேல் ஸ்மித் பிலடெல்பியாவுக்கு நேரில் போனார். அங்கே அடிமை ஒழிப்புச் சங்கம் ஒன்று இருந்தது. அதன் அலுவலகத்தை நடத்திய ஜேம்ஸ் மில்லர் மக்கிம் என்பவரைச் சந்தித்தார். மக்கிம் திடுக்கிட்டார். மூச்சுத் திணறி ஆள் செத்துப்போனால்? கடைசியில் சம்மதித்தார்.

இன்னொரு சிக்கல். அடிமை ஒழிப்புச் சங்கத்தின் பெயரைப் பெட்டியின் மேல் எழுதமுடியுமா? ரிச்மண்டிலேயே பிடித்துவிடுவார்களே! ஆகவே, ஜான்சன் என்று வேறு ஒரு பெயரையும், ஆர்ச் தெரு என்ற முகவரியையும் எழுதுவது என்று முடிவாயிற்று. பிலடெல்பியாவுக்கு வந்து சேர்ந்ததும், பெட்டியைச் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவர அங்குள்ள நண்பர்கள் ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

பெட்டி தயார்

பெட்டி எப்படி இருக்கவேண்டும்? பெரிதாக இருந்தால் சந்தேகம் வரும். சிறிதாக இருந்தால் ஆள் நுழைய முடியாது.

ஹென்றி 5 அடி 8 அங்குல உயரம். எடை 200 பவுண்டு. அதாவது சுமார் 90 கிலோ. நல்ல ஆஜானுபாகு! அவருக்காகச் செய்த பெட்டியின் அளவு என்ன தெரியுமா? நீளம் சுமார் 3 அடி. உயரம் சுமார் இரண்டரை அடி. அகலம் 2 அடி. நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் தள்ளிவிடக்கூடிய பெட்டி!

கால்களை மடக்கி, முழங்காலை மார்போடு சேர்த்துக்கொண்டு உட்காரவேண்டும். புரள முடியாது. நீட்ட முடியாது.

பெட்டியின் உட்புறத்தில் முரட்டுக் கம்பளித் துணி ஒட்டப்பட்டது. உடம்பில் மரம் உரசாமல் இருப்பதற்காக. முகம் இருக்கும் பக்கத்தில் மூச்சுக்காற்றுக்கு மூன்று சிறு துளைகள் போடப்பட்டன. காற்றுப் போதாவிட்டால் இன்னும் துளை போட்டுக்கொள்ள, மரம் துளைக்கும் சிறு கருவி ஒன்று. ஒரு பை நிறையத் தண்ணீர். சில பிஸ்கோத்துகள். வழித்துணை அவ்வளவுதான்.

மூடியை ஆணி அடித்த பிறகு, மேலே ஹிக்கரி என்ற மரத்தின் பட்டைகள் ஐந்தைச் சுற்றி இறுக்குவது என்று ஏற்பாடு. ஹிக்கரி முறுக்கேறிய மரம். வண்டியில் இருந்து விழுந்தாலும் பெட்டி பிளந்துகொள்ளாது.

இந்தப் பக்கம் மேலே இருக்கவேண்டும், ஜாக்கிரதையாகக் கையாளவேண்டும் என்று பெட்டியின் மேல் எழுதினார்கள். அந்த ஒரு வரியில்தான் ஹென்றியின் உயிர் இருந்தது. பெட்டி தலைகீழானால், உள்ளே ஆளும் தலைகீழ்!

விரலில் திராவகம்

வேலைக்குப் போகாவிட்டால் உடனே தேடுவார்கள். பெட்டி எல்லை தாண்டும் வரை, யாரும் தேடக்கூடாது. அதற்கு என்ன வழி?

விரலில் காயம் இருந்தது. அதைக் காட்டி விடுமுறை கேட்டார். கங்காணி மறுத்துவிட்டான். ஹென்றி கந்தகத் திராவகம் வாங்கினார். விரலில் ஊற்றினார். கொஞ்சம் ஊற்ற நினைத்தார், அதிகம் கொட்டிவிட்டது. சதை வெந்து எலும்பு தெரிந்தது!

அதைப் பார்த்த கங்காணி, வீட்டுக்குப் போய் மருந்து போட்டுக்கொள்ளச் சொன்னான். விடுமுறை கிடைத்துவிட்டது.

1849-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி, வெள்ளிக்கிழமை. விடிவதற்கு முன்பே ஹென்றி பெட்டிக்குள் இறங்கினார். நண்பர்கள் இருவரும் மூடியைப் போட்டு ஆணி அடித்தார்கள். உயிரோடு ஒருவரைப் பெட்டியில் வைத்து ஆணி அடிப்பது என்றால், அடிக்கிறவர்கள் கை நடுங்காதா?

பெட்டி கம்பெனி அலுவலகத்துக்குப் போயிற்று. சாமான் அனுப்பப்பட்டது, நாளைக் காலை வந்து சேரும் என்று பிலடெல்பியாவுக்குத் தந்தி பறந்தது.

தலைகீழ்ப் பயணம்

தொடக்கத்திலேயே சோதனை. ரெயில் நிலையத்துக்குப் போகிற வண்டியில் பெட்டியைத் தலைகீழாக வைத்துவிட்டார்கள். எழுதியிருந்ததை யார் படித்தார்கள்? படித்தாலும் யார் கவனித்தார்கள்?

ரெயிலில் ஏற்றும்போது பெட்டி உருண்டது. நல்ல காலம், சரியான பக்கமாக விழுந்தது.

ரெயில், போடோமக் ஆற்றங்கரை வரை போயிற்று. அங்கே நீராவிக் கப்பலில் ஏற்றினார்கள். மறுபடியும் தலைகீழ்!

ஹென்றியின் தலை கீழே, கால் மேலே. உடம்பின் ரத்தமெல்லாம் தலைக்கு இறங்கியது. கண்கள் பிதுங்கிவிடும் போல வீங்கின. நெற்றிப் பொட்டு நரம்புகள் புடைத்தன. கையைத் தூக்கி முகத்தைத் தொடப் பார்த்தார், கை வரவில்லை. குளிர்ந்த வியர்வை ஓடியது.

ஒரு சத்தம் போட்டால் போதும். பெட்டியைத் திறப்பார்கள். உயிர் பிழைக்கலாம். ஆனால் மறுபடியும் அடிமை! ஹென்றி வாய் திறக்கவில்லை. செத்தாலும் சரி, பெட்டிக்குள்ளேயே சாவது என்று இருந்துவிட்டார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் இப்படிக் கழிந்தது. அப்போது பெட்டிக்குப் பக்கத்தில் பேச்சுக்குரல் கேட்டது. இரண்டு பயணிகள், நின்று நின்று கால் வலித்தது அவர்களுக்கு. உட்கார இடம் தேடினார்கள். இந்தப் பெட்டியைப் புரட்டிப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். பெட்டி நேராயிற்று, ஹென்றிக்கு உயிர் வந்தது!

மேலே உட்கார்ந்தவர்கள், உள்ளே என்ன இருக்கும் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். தபால் சாமானாக இருக்கும் என்று முடிவு கட்டினார்கள். ஹென்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு சொல் காப்பாற்றியது

கப்பல் வாஷிங்டன் நகருக்கு வந்தது. அங்கே மறுபடியும் வண்டி. மறுபடியும் ரெயில் நிலையம்.

வண்டியில் இருந்து பெட்டியை இறக்கியவர்கள், கனமாக இருக்கிறதே என்று தூக்கிப் போட்டுவிட்டார்கள். பெட்டி தரையில் மோதியது. ஹென்றியின் கழுத்தில் மளுக்கென்று ஒரு சத்தம். நினைவு தப்பிவிட்டது.

நினைவு வந்தபோது காதில் விழுந்தது இன்னொரு பேரிடி. ரெயிலில் இடம் இல்லை, இந்தப் பெட்டி நாளைக்குப் போகட்டும் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் ஒருநாள் பெட்டிக்குள் இருந்தால் என்ன ஆவது?

உடனே இன்னொருவர் மறுத்தார். இது எக்ஸ்பிரஸ் பார்சல். இன்றைக்கே போயாகவேண்டும் என்றார். அந்த ஒரு சொல், ஓர் உயிரைக் காப்பாற்றியது.

ரெயிலில் ஏற்றும்போது மூன்றாவது முறையாகத் தலைகீழ்! சுமார் அரை மணி நேரம் கழித்து, வேறு சாமான்களை ஏற்றுவதற்காகப் பெட்டியைப் புரட்டினார்கள். அப்போது நேராயிற்று. அதன் பிறகு தொல்லை குறைந்தது.

ரெயில் பால்டிமோர் நகரைக் கடந்தது. வழியில் சஸ்குவெஹானா ஆறு. அப்போது அங்கே ரெயில் பாலம் கிடையாது. படகில் அக்கரை சேர்ந்து, மறுபடியும் ரெயில். விடிவதற்கு முன்பே பிலடெல்பியா வந்துவிட்டது. பெட்டி சாமான் கிடங்கில் சில மணி நேரம் கிடந்தது. பிறகுதான் அந்த அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கதவைத் தாழிட்டார்கள்

அந்த நாலு பேர் யார்? ஒருவர் மக்கிம். ஒருவர் கல்லூரிப் பேராசிரியர். ஒருவர் அச்சகக்காரர். நாலாவது ஆள் வில்லியம் ஸ்டில் என்ற கறுப்பு இளைஞர். சங்கத்தில் குமாஸ்தா. அடிமைத் தளையில் இருந்து தப்பிவந்த நூற்றுக்கணக்கானவர்களின் வரலாற்றை எழுதிவைத்து, 1872-ம் ஆண்டில் பெரிய புத்தகமாக வெளியிட்டவர் இவர்தான். இந்தப் பெட்டியின் கதையும் அதில் இருக்கிறது.

மக்கிம் பெட்டியின் மேல் தட்டினார். உள்ளே நலந்தானா என்று மெதுவாகக் கேட்டார்.

ஒரு நொடி மௌனம்.

நலமாக இருக்கிறேன் என்று பெட்டிக்குள் இருந்து பதில் வந்தது!

ரம்பத்தையும் கோடரியையும் எடுத்தார்கள். பட்டைகளை அறுத்தார்கள். மூடியைப் பெயர்த்தார்கள். உள்ளே இருந்து ஹென்றி பிரவுன் எழுந்தார். ஆற்றில் மூழ்கி எழுந்தவரைப் போல உடம்பெல்லாம் நனைந்திருந்தது. கையை நீட்டினார். எல்லாருக்கும் காலை வணக்கம் சொன்னார்!

உயிரோடு போய்ச் சேர்ந்தால் கடவுளைப் பாடுவது என்று ரிச்மண்டிலேயே நேர்ந்துகொண்டிருந்தார். அப்படியே பைபிளின் 40-வது சங்கீதத்தைப் பாடினார். பொறுத்திருந்தவனின் கூக்குரலைக் கடவுள் கேட்டார் என்று நன்றி சொல்லும் பாட்டு அது. சுற்றி நின்றவர்களின் கண் கலங்கியது.

பயண தூரம் சுமார் 350 மைல் என்று அவர் பிற்பாடு கணக்குச் சொன்னார். நேரம் 27 மணி.

உதவியவர்கள் கதி

ஹென்றி தப்பிவிட்டார். உதவிய நண்பர்கள் என்ன ஆனார்கள்?

சாமுவேல் ஸ்மித் துணிச்சல்காரர். ஒருவரை அனுப்பியாயிற்று, இன்னும் இருவரை அனுப்பலாம் என்று நினைத்தார். அதே ஆண்டு மே மாதம், இரண்டு அடிமைகளை இரண்டு பெட்டிகளில் வைத்து அனுப்பினார். இந்தத் தடவை பெட்டிகள் பிடிபட்டன. சாமுவேல் கைதானார். ஆறரை ஆண்டு சிறைத் தண்டனை! அந்த இரு அடிமைகளும் மீண்டும் அடிமைகளானார்கள். சாமுவேல் 1856-ம் ஆண்டில்தான் வெளியே வந்தார்.

ஜேம்ஸ் ஸ்மித்தும் கைதானார். ஆனால் ஜூரிகளுக்குள் கருத்து வேறுபாடு வந்ததால் தப்பினார். பாஸ்டன் நகருக்குப் போய் ஹென்றியோடு சேர்ந்துகொண்டார்.

அதற்குள் ஹென்றியின் புகழ் நாடெங்கும் பரவிவிட்டது. "பெட்டி" பிரவுன் என்பதே அவர் பெயராகிவிட்டது. கூட்டங்களில் பேசினார்; பாடினார். அவருடைய வரலாறு 1849-ம் ஆண்டிலேயே புத்தகமாக வந்தது. பெட்டியில் இருந்து அவர் எழுந்து வரும் காட்சி, படமாக அச்சாகி விற்றது.

இதை எல்லாரும் வரவேற்கவில்லை. அடிமையாக இருந்து தப்பி, பெரிய தலைவரான பிரடெரிக் டக்ளஸ் வருத்தப்பட்டார். பெட்டி ரகசியத்தை ஊரறியச் சொல்லாமல் இருந்திருந்தால், ஆண்டுதோறும் ஆயிரம் பேர் அதே வழியில் தப்பியிருக்கலாமே என்று 1855-ம் ஆண்டில் எழுதினார். நியாயமான வருத்தம்தான். வழி ஒன்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டால், காவல்காரனுக்கும் தெரிந்துவிடும் அல்லவா?

கடல் தாண்டி

1850-ம் ஆண்டு ஏப்ரலில் பிரவுன் ஒரு புதுமை செய்தார். அடிமை வாழ்க்கையை நீளமான துணியில் ஓவியமாக எழுதச் செய்தார். அதை ஒரு பக்கம் சுருட்டி, மறுபக்கம் விரித்துக் காட்டியபடி கதை சொன்னார். சினிமா இல்லாத காலம். மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள்.

அந்த ஆண்டு செப்டம்பரில் கொடிய சட்டம் ஒன்று வந்தது. தப்பி வந்த அடிமை எந்த மாநிலத்தில் இருந்தாலும், பிடித்து எஜமானிடம் கொடுக்கலாம் என்றது அந்தச் சட்டம். அதற்குச் சில நாட்களுக்கு முன்பே, பிரவுனைத் தெருவில் பிடிக்க ஒரு முயற்சி நடந்திருந்தது. பலசாலியான அவர் திமிறிக்கொண்டு தப்பினார்.

இனி அமெரிக்காவில் இருக்க முடியாது. பிரவுனும் ஜேம்ஸ் ஸ்மித்தும் அக்டோபரில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்கள்.

அங்கே பிராட்போர்டு நகரில் இருந்து லீட்ஸ் நகருக்கு, பிரவுன் மறுபடியும் பெட்டிக்குள் அடைந்துகொண்டு ரெயிலில் போய்க் காட்டினார்! இந்தத் தடவை உயிருக்குப் பயம் இல்லை. வழியெல்லாம் வேடிக்கை பார்க்கக் கூட்டம்.

ஆனால் 1851-ம் ஆண்டில் நண்பர்கள் இருவரும் பிரிந்தார்கள். பணப் பங்கில் தகராறு. கையில் பணம் வந்த பிறகும், விற்கப்பட்ட மனைவி மக்களை மீட்க பிரவுன் முயலவில்லை என்று ஸ்மித் குற்றம் சாட்டினார். பிரவுனின் வாழ்க்கையில் இது ஒரு கறையாகவே நின்றுவிட்டது. யாருடைய பிரிவு அவரைப் பெட்டிக்குள் தள்ளியதோ, அந்த நான்சி அவரோடு மறுபடி சேரவே இல்லை. 1855-ம் ஆண்டில் அவர் ஜேன் என்ற ஆங்கிலேயப் பெண்ணை மணந்தார்.

மேடையில் அதே பெட்டி

இங்கிலாந்தில் 25 ஆண்டுகள் ஓடின. பிரவுன் மேடைக் கலைஞர் ஆனார். மனோவசியம் செய்தார். மந்திரஜாலம் காட்டினார். மேடைக்கு ஒரு பெட்டி வரும். அதில் இருந்து பிரவுன் எழுந்து வருவார்!

இதற்கிடையே அமெரிக்காவில் பெரிய உள்நாட்டுப் போர் நடந்தது. 1865-ம் ஆண்டில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. பிரவுன் 1875-ம் ஆண்டில் மனைவி மக்களோடு அமெரிக்கா திரும்பினார். இப்போது கப்பலில் பயணிகள் வரிசையில் இடம். தலைகீழாக யாரும் வைக்கமாட்டார்கள்!

கடைசிக் காலத்தில் கனடாவில் டொராண்டோ நகரில் தங்கினார். 1897-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி காலமானார். அந்த ஊர்க் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் தப்பி வந்த ரிச்மண்ட் நகரில், கால்வாய்க் கரையில் இன்று ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. அது சிலை அல்ல; உலோகத்தால் செய்த ஒரு பெட்டி. அவர் அடைந்திருந்த பெட்டியின் அளவில் செய்தது.

பார்க்க வருகிறவர்கள் அதற்குள் குனிந்து பார்ப்பார்கள். இத்தனை சிறிய இடத்திலா ஒரு மனிதர் 27 மணி நேரம் இருந்தார் என்று வியப்பார்கள்.

இடம் சிறியதுதான். ஆனால் வெளியே அவருக்கு இருந்த உலகம், அதைவிடச் சிறியதாக இருந்தது.